ஈஸ்ட்டுக்குள் ஒரு காவல் தெய்வம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் டவுன் சிண்ட்ரோம் பற்றி ஒரு சிறு பெட்டிச் செய்தி வந்திருந்தது. முதல் நாலு வரி நன்றாகவே இருந்தது. கடைசி வரியில், கர்ப்ப காலத்தில் தாய் கவனமாக இருந்தால் இப்படிப்பட்ட குறைகளைத் தவிர்த்துவிடலாம் என்று போட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதுகிறேன். கடிதம் நீளும். இடமில்லை என்று வெட்ட வேண்டி வந்தால் எங்கு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். அந்த வரி தவறு என்பது மட்டும் அச்சில் வந்தாக வேண்டும்.

முப்பத்தோரு வருடம் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். பிறந்தது ஏற்காட்டில். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் காபி. நடுவில் நின்ற சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. என்னைவிட ஒன்பது வயது சின்னவளான தங்கையைச் சேலம் அம்மாப்பேட்டையில் சின்னதாக பேக்கரி வைத்திருப்பவருக்குக் கொடுத்தோம். 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் அவளுக்கு மகன் பிறந்தான். அப்போது அவளுக்கு வயது 26.

பிறந்த மூன்றாம் நாளே குழந்தை பால் இழுத்துக் குடிக்கத் திணறினான். இதயத்தில் ஓட்டை என்றார்கள். ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு தாள் வந்தது. செல்லுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் குரோமோசோம் 46 இருக்க வேண்டிய இடத்தில் 47. இரண்டு இருக்க வேண்டிய 21-ஆம் குரோமோசோம் மூன்றாக இருந்தது. அதுதான் டவுன் சிண்ட்ரோம். பிரிய வேண்டிய குரோமோசோம் பிரியாமல் போனால் இப்படி ஆகும் என்றார்கள்.

தாள் வந்த அன்றைக்கே வீட்டில் காரணமும் முடிவாகிவிட்டது. 1999 ஆகஸ்ட் 11 மாலை சூரிய கிரகணம். என் தங்கைக்கு அப்போது ஐந்தாம் மாதம். கொடியில் காய்ந்த துணியை எடுக்கக் கொல்லைப் பக்கம் போனாள். ஐந்து நிமிடம் இருக்குமா, அதுகூட இருக்காது. மாமியார் பார்த்துவிட்டார். அந்த ஐந்து நிமிடத்துக்கு இருபத்தைந்து வருடமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என் தங்கை. இன்றைக்கும் கிரகணம் என்று காலண்டரில் பார்த்துவிட்டால் முதல் நாளே துணி துவைப்பதை நிறுத்திவிடுவாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அக்கா, நீ டீச்சர்தானே. அது ஏன் பிரியலை?"

என்னிடம் பதில் இல்லை. வருடா வருடம் வெங்காய வேர் நுனியை அசிட்டோகார்மின் என்ற சாயத்தில் போட்டு, கண்ணாடித் தகட்டில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்கி, பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துக் காட்டியிருக்கிறேன். அனாஃபேஸ் நிலையில் குரோமாட்டிடுகள், அதாவது குரோமோசோமின் இரட்டைப் பிரதிகள், பிரிந்து எதிரெதிர் துருவங்களுக்கு நகர்கின்றன என்று பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். பிரிந்து, நகர்கின்றன. பிரித்தது யார்? இப்போது பிரிக்கலாம் என்று சொன்னது யார்? எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், தேர்வுக்கு இது போதும் என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த வெட்கத்தோடுதான் ஓய்வு பெற்றேன். அதன் பிறகு உட்கார்ந்து படித்தேன். தங்கையின் கேள்விக்குப் பதில் எங்கே இருந்தது தெரியுமா? அவள் கணவரின் பேக்கரியில், ஈஸ்ட் டப்பாவுக்குள்.

தங்கை மகன் இப்போது அப்பாவோடு பேக்கரியில்தான் இருக்கிறான். எழுத்து வரவில்லை, கணக்கும் வரவில்லை. ஆனால் விடியற்காலையில் ஈஸ்ட் கரைப்பது அவன் பொறுப்பு. எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீரை ஊற்றி, சுண்டுவிரலை விட்டுச் சூடு பார்ப்பான். வெதுவெதுப்பு தாண்டினால் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றுவான். இரண்டு கரண்டி சர்க்கரை, ஈஸ்ட், மேலே ஒரு தட்டு. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வான். தட்டைத் திறந்து திறந்து பார்க்க மாட்டான். அவனுக்கென்று ஒரு கணக்கு உண்டு. திறந்ததும் நுரை பொங்கி நின்றால், "எந்திரிச்சிருச்சுப்பா" என்று குரல் கொடுப்பான். நுரை இல்லாவிட்டால் யார் சொன்னாலும் மாவில் ஊற்ற விட மாட்டான். அப்படி அவன் தடுத்த நாளெல்லாம் ஈஸ்ட் பழசாகத்தான் இருந்திருக்கிறது.

நான் ஓய்வு பெற்றபோது பழைய மாணவிகள் சேர்ந்து ஒரு நுண்ணோக்கி வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை பேக்கரிக்கே எடுத்துப்போனேன். அந்த நுரையிலிருந்து ஒரு சொட்டைத் தகட்டில் விட்டு, நானூறு மடங்கு பெரிதாக்கி, முதலில் அவனைப் பார்க்கச் சொன்னேன். வெகு நேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு சொன்னான்: "பெரியம்மா, குட்டி போடுது."

உண்மைதான். முட்டை வடிவத்தில் ஒரு செல், அதன் ஓரத்தில் குண்டூசித் தலைபோல ஒரு மொட்டு. மொட்டு வளர்ந்து தாயளவு நெருங்கியதும் தனியே போய்விடும். நல்ல சூடும் சர்க்கரையும் இருந்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு பிரசவம். ஒரு மில்லிமீட்டருக்குள் இப்படிப்பட்ட செல்கள் இருநூறை வரிசையாக வைத்துவிடலாம். அவ்வளவு சிறிய தாய், கழுத்துபோல ஒடுங்கிய ஒரு வழியாகத் தன் குரோமோசோம்களில் சரியான பங்கை மொட்டுக்குள் அனுப்பியாக வேண்டும். ஆய்வுக்கூடத்து ஈஸ்ட்டில் 16 குரோமோசோம்கள். ஒவ்வொன்றும் பிரதி எடுக்கப்பட்டு இரட்டையாகிறது. ஒவ்வோர் இரட்டையிலும் ஒன்று இங்கே, ஒன்று அங்கே. இந்தப் பங்கீட்டில் ஒரு குறிப்பிட்ட குரோமோசோம் தவறுவது ஏறக்குறைய ஒரு லட்சம் பிரிதலுக்கு ஒரு முறைதான். எந்த ரேஷன் கடையிலும் இந்தத் துல்லியத்தை நான் பார்த்ததில்லை.

ஈஸ்ட்டைப் பார்த்து மனிதனை எப்படித் தெரிந்துகொள்ள முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. 1987-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் பால் நர்ஸும் மெலனி லீயும், செல் பிரிதலை நடத்தும் ஒரு ஜீன் பழுதான ஈஸ்ட்டுக்குள் மனித ஜீன்களைப் போட்டுப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்று பழுதை ஈடுகட்டியது. ஈஸ்ட் மறுபடி பிரியத் தொடங்கியது. பல கோடி ஆண்டுகளாகத் தனித்தனி வழியில் வந்த இரண்டு உயிர்களுக்கு இன்னும் ஒரே உதிரிபாகம் பொருந்துகிறது.

இதற்கெல்லாம் வழி போட்டவர் அமெரிக்காவின் லீலண்ட் ஹார்ட்வெல். 1970 வாக்கில் அவர் சேர்த்த பழுதான ஈஸ்ட் வகைகளைப் பற்றி என் மாணவிகளுக்குச் சொல்லியிருந்தால் உடனே பிடித்துக்கொண்டிருப்பார்கள். அவை 23 டிகிரியில் நன்றாக வாழும். 36 டிகிரிக்குக் கொண்டுபோனால் பிரிதலின் ஏதோ ஒரு கட்டத்தில் அப்படியே நின்றுவிடும். ஏற்காட்டில் பிழைக்கும், மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கிச் சேலம் சித்திரை வெயிலுக்கு வந்தால் நின்றுவிடும். எது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான், எந்த ஜீன் எந்த வேலைக்கு என்று கண்டார். 2001-இல் ஹார்ட்வெல், நர்ஸ், டிம் ஹன்ட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இனி தங்கையின் கேள்விக்கு வருகிறேன். நான் கேள்வியையே தலைகீழாகப் புரிந்துவைத்திருந்தேன். பிரிப்பது எப்படி என்றுதான் யோசித்தேன். செல்லுக்கு அதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது: பிடித்து வைத்திருப்பது. பிரதி எடுத்த நொடியிலிருந்து இரண்டு பிரதிகளையும் சேர்த்துக் கட்டி வைக்காவிட்டால், எதற்கு எது ஜோடி என்றே செல்லுக்குத் தெரியாமல் போய்விடும். அப்படிக் கட்டிவைக்கும் புரதத்தின் பெயர் கொஹிசின். 1997-இல் வியன்னாவில் கிம் நாஸ்மித் குழுவும் அமெரிக்காவில் டக்ளஸ் கோஷ்லண்ட் குழுவும் ஈஸ்ட்டில்தான் இதைக் கண்டார்கள். பல துண்டுகள் சேர்ந்த ஒரு வளையம் அது. இரண்டு குரோமோசோம் பிரதிகளையும் ஒரு வளையலுக்குள் மாட்டியதுபோல உள்ளே வைத்துக்கொள்கிறது.

வளையம் கட்டியிருக்கும்போதே இரண்டு பக்கத்திலிருந்தும் குரோமோசோம்களை இழுக்கும் கதிர்கோல் இழைகள் வந்து பிடிக்கின்றன. ஈஸ்ட்டில் ஒரு குரோமோசோமுக்கு ஓர் இழைதான். நமக்கு இருபது வரை. இரண்டு பிரதிகளில் ஒன்றைக் கிழக்கு இழையும் மற்றதை மேற்கு இழையும் பிடித்தால்தான் சரி. இரண்டையும் ஒரே பக்கத்து இழைகள் பிடித்துவிட்டால்? கயிறு இழுக்கும் போட்டியில் எல்லோரும் ஒரே பக்கம் நின்றால் கயிறு தொய்ந்துதான் கிடக்கும். அந்தத் தொய்வைக் கண்டு பிடியைத் தளர்த்திவிடும் ஒரு நொதி ஈஸ்ட்டில் இருக்கிறது. இப்ல்1 என்று பெயர். தப்பான பிடியை அது விடுவிப்பதால்தான் இழைகள் மறுபடி தேடி வந்து சரியாகப் பிடிக்கின்றன என்று 2002-இல் டொமோயுகி தனாகா காட்டினார்.

விறைப்புதான் சாட்சி என்பதை நம் வேலியோரத்துக் கும்பிடுபூச்சியின் இனத்தில் கண்டறிந்தார்கள். அதன் விந்தணுவை உருவாக்கும் செல்லில் ஒரு குரோமோசோம் சரியாக இழுபடாமல் கிடந்தால் செல் மணிக்கணக்கில் பிரியாமல் காத்துக்கொண்டிருக்கும். 1995-இல் புரூஸ் நிக்லஸும் அவருடைய சக ஆய்வாளரும் ஒரு நுண்ணிய ஊசியைச் செல்லுக்குள் விட்டு அந்தக் குரோமோசோமை மெல்ல இழுத்துப் பிடித்தார்கள். விறைப்பு வந்ததும், எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணிச் செல் பிரிந்துவிட்டது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கையால் ஒரு செல்லைத் தொட்டுப் பதில் வாங்கியிருக்கிறார்கள்!

சரி, யார் காத்திருக்கச் சொல்வது? இந்த இடத்தில் எங்கள் அப்பாவின் தோட்டக் கொட்டகை எனக்கு ஞாபகம் வருகிறது. எண்பதுகளில் காபி நாற்றங்காலில் அழுகல் நோய் கண்டால் கார்பன்டசிம் என்ற பொடியை வாளித் தண்ணீரில் கரைத்து வேரடியில் ஊற்றுவார். பூசணத்தைக் கொல்லும் மருந்து. எங்களைக் கிட்டே விட மாட்டார். அது என்ன செய்கிறது என்று யாரும் சொன்னதில்லை. கதிர்கோல் இழைகளைக் கட்டும் புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு, பூசணத்தின் செல்லில் இழை வளரவிடாமல் தடுக்கிறது. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கில் இருக்கும் கோல்ச்சிசினும் இதே வேலையைத்தான் நம் செல்லிலும் வெங்காய வேரிலும் செய்கிறது. ஈஸ்ட்டிடம் மட்டும் அது அவ்வளவாகப் பலிப்பதில்லை. அதனால் ஆய்வாளர்கள் ஈஸ்ட்டுக்கு பெனோமில் கொடுத்தார்கள். பெனோமில் தண்ணீரில் கரைந்து சிதைந்தால் கார்பன்டசிம். அப்பாவின் வாளியில் இருந்த அதே மருந்து.

1991-இல் ரோங் லீ, ஆண்ட்ரூ மரே ஒரு பக்கமும், ஆண்ட்ரூ ஹாய்ட் குழு இன்னொரு பக்கமுமாக இதைச் செய்தார்கள். மருந்தை அளவாகக் கொடுத்தால், நல்ல ஈஸ்ட் உடனே சாவதில்லை. நின்றுகொள்கிறது. இழைகள் மெதுவாகக் கட்டி முடியும் வரை பொறுத்திருந்து பிறகு பிரிகிறது. சில பழுதான வகைகள் மட்டும் பொறுப்பதில்லை. இழை பிடித்ததா இல்லையா என்று பாராமல் நேரம் வந்ததும் பிரிந்து, குரோமோசோம்களைச் சிதறவிட்டு மடிகின்றன. அந்தப் பழுதுகளை வைத்துத்தான் காவலர் புரதங்களைக் கண்டார்கள். ஒரு கூட்டத்துக்கு மேட் என்றும் இன்னொன்றுக்குப் பப் என்றும் பெயர். இவை எதையும் இழுப்பதில்லை, வெட்டுவதில்லை. இன்னும் இல்லை, இரு என்று சொல்வது மட்டும்தான் இவற்றின் வேலை.

பேக்கரிக்குப் பின்தெருவில் இன்னும் தறிச் சத்தம் கேட்கும். அங்கே போய் நின்று பார்த்தால் இது நன்றாகப் புரியும். பாவில் ஆயிரக்கணக்கான இழை ஓடுகிறது. ஒன்று அறுந்தால் போதும். நெசவுக்காரர் கை நின்றுவிடும். மற்றதெல்லாம் சரியாகத்தானே ஓடுகிறது என்று நெய்துகொண்டே போக மாட்டார். குனிந்து, அறுந்த நுனியைத் தேடி எடுத்து, முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் அடுத்த மிதி. செல்லிலும் இழை பிடிக்காத குரோமோசோம் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தாலும் மேட், பப் புரதங்கள் அதன்மேல் போய் உட்கார்ந்து மொத்தப் பிரிதலையும் நிறுத்திவைக்கின்றன.

எப்படி நிறுத்துகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். வளையத்தை வெட்டுவதற்குச் செப்பரேஸ் என்று ஒரு கத்தரி இருக்கிறது. செக்யூரின் என்ற புரதம் அந்தக் கத்தரியின் வாயைப் பொத்திப் பிடித்திருக்கிறது. செக்யூரினை ஒழிக்கச் சொல்லி உத்தரவு போட செல்லில் ஓர் அமைப்பு உண்டு. சிடிசி20 என்ற புரதம் கூட வராமல் அதனால் உத்தரவு போட முடியாது. மேட் காவலர்கள் இந்த சிடிசி20-ஐத்தான் மடக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள். கடைசிக் குரோமோசோமும் இரு பக்கமும் இழுபட்டு விறைத்ததும் காவலர்கள் விலகுகிறார்கள். சிடிசி20 விடுபடுகிறது, செக்யூரின் அழிகிறது, கத்தரி திறக்கிறது, எல்லா வளையமும் ஒரே வீச்சில் அறுகிறது. வளையத்தை வெட்டுவது செப்பரேஸ்தான் என்று 1999-இல் ஃபிராங்க் உல்மனும் நாஸ்மித்தும் காட்டினார்கள். நான் பலகையில் எழுதிய "பிரிந்து நகர்கின்றன" என்ற இரண்டு சொல்லுக்குள் இத்தனை நடக்கிறது.

1999. என் தங்கை கொடியில் துணி எடுத்த அதே வருடம்.

இதுவரை சொன்னது சாதாரணப் பிரிதல். கருமுட்டை உருவாகும் குன்றல் பகுப்பு இன்னும் கடினமானது. அதில் இரண்டு சுற்று. முதல் சுற்றில் அம்மா வழி, அப்பா வழி வந்த ஜோடிகள் பிரிய வேண்டும். ஆனால் ஒவ்வொன்றின் இரட்டைப் பிரதிகளும் நடுவில் ஒட்டியபடியே இருக்க வேண்டும். அவை இரண்டாம் சுற்றில்தான் பிரியும். கத்தரி முதல் சுற்றிலேயே திறந்துவிடுகிறதே, நடுவில் உள்ள வளையம் மட்டும் எப்படித் தப்புகிறது? 2004-இல் ஜப்பானில் யோஷினோரி வட்டனாபே குழு விடை கண்டது. அவர்கள் பயன்படுத்தியது வேறொரு ஈஸ்ட், ஆப்பிரிக்கச் சிறுதானிய பீரில் முதலில் கிடைத்தது. மூன்றே குரோமோசோம் கொண்டது. நடு வளையத்தின் அருகில் ஒரு புரதம் காவல் நிற்கிறது. வளையத்தில் ஒரு வேதிக் குறி விழுந்திருந்தால்தான் கத்தரி வெட்டும். இந்தப் புரதம் அந்தக் குறியை அழிக்கும் நொதியைக் கூட்டிவந்து பக்கத்தில் வைத்துக்கொள்கிறது. அவர்கள் அதற்கு ஷுகோஷின் என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானிய மொழியில் காவல் தெய்வம் என்று அர்த்தம்.

ஏற்காட்டில் பிறந்தவளுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. வைகாசித் திருவிழாவுக்கு அம்மா எங்களை இழுத்துக்கொண்டு சேர்வராயன் குகைக் கோயிலுக்குப் போவாள். உள்ளே குனிந்துதான் போக வேண்டும், சுவரெல்லாம் ஈரம். மலையையும் மலை மக்களையும் காக்கிற சாமி என்று சொல்லித்தான் திருநீறு பூசிவிடுவாள். காவல் தெய்வம் என்றால் எங்களுக்கு அவர்தான்.

இப்போது முக்கியமான இடம். ஒரு பெண்ணின் கருமுட்டைகள் இந்த முதல் சுற்றை எப்போது தொடங்குகின்றன? அவள் வயதுக்கு வந்த பிறகு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அவள் தன் தாய் வயிற்றில் இருக்கும்போதே தொடங்கிவிடுகின்றன. தொடங்கி, வளையம் மாட்டி, பாதியில் நின்று, வருடக்கணக்கில் காத்திருக்கின்றன. ஒரு முட்டை சினைப்பையிலிருந்து வெளியே வரும் மாதத்தில்தான் முதல் சுற்று முடிகிறது. பிறப்பதற்கு முன் மாட்டிய வளையங்கள் பிறகு புதுப்பிக்கப்படுவதில்லை என்று 2010-இல் எலிகளில் கண்டார்கள். வயது ஏற ஏற வளையங்கள் குறைவதும் காவல் தெய்வம் குறைவதும் பிரிதல் தவறக் காரணங்களில் முக்கியமானவை என்று கருதுகிறார்கள். 25 வயதுத் தாய்க்கு டவுன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. 40 வயதில் நூறில் ஒன்று. ஆனால் நம் நாட்டில் பெரும்பாலான பிரசவம் இளம் வயதில்தான். அதனால் டவுன் குழந்தைகளின் அம்மாக்களிலும் பெரும்பாலோர் என் தங்கையைப்போல இளம் பெண்கள்தான். கூடுதல் குரோமோசோம் தந்தை வழி வருவதும் உண்டு, நூறில் ஐந்து பத்துப் பேருக்கு. எங்கள் வீட்டில் அந்தப் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதையெல்லாம் தங்கையிடம் சொல்ல எனக்குப் பல மாதம் பிடித்தது. போன மார்கழியில் ஒரு ராத்திரி, பேக்கரி சாத்திய பிறகு, பின்னறையில் மாவு மேசைமேல் படம் போட்டுக் காட்டினேன். கொட்டியிருந்த மைதாவிலேயே விரலால் வரைந்தேன். வளையத்துக்குத் தன் கண்ணாடி வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்போ அந்தத் துணி?" என்றாள்.

"நீ துணி எடுக்கப் போனதுக்கு நாலு மாசம் முன்னாடியே எல்லாம் முடிஞ்சுபோச்சும்மா. நீ உண்டாகிறதுக்கு முன்னாடி, அந்த முட்டை கிளம்புறப்பவே."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அந்த முட்டை அம்மா வயித்துக்குள்ளதான் ஆரம்பிச்சுதுன்னா, அப்போ அம்மா மேல தப்பாக்கா?"

1973-ஆம் வருடம். எனக்கு ஒன்பது வயது, நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த வருடம் கோடை மழைக்குக் காபி பூத்து, தோட்டம் முழுக்க மல்லிகை வாசம். அம்மா வயிற்றைத் தள்ளிக்கொண்டு செடிக்குச் செடி நடந்தாள். தங்கை உள்ளே இருந்தாள். அவளுக்குள்ளே அந்த வளையங்கள் மாட்டப்பட்டுக்கொண்டிருந்தன. அம்மா என்ன தப்புச் செய்தாள்? இருபத்தைந்து வருடம் பிடித்திருந்த பிடி ஒன்று நழுவியது. அம்மா நடந்ததாலும் இல்லை, தங்கை துணி எடுத்ததாலும் இல்லை, பப்பாளி தின்றதாலும் இல்லை. கவனமாக இருந்து யாரும் அதைப் பிடித்து நிறுத்தியிருக்க முடியாது. இதைச் சொன்னதும் தங்கை அழுதாள். நானும்தான். அவள் மகன் உள்ளே வந்து, "ஏன் மாவுல கிறுக்கியிருக்கீங்க" என்று கோபித்துக்கொண்டு மேசையைத் துடைத்துவிட்டான்.

ஐயா, உங்கள் பெட்டிச் செய்தியின் கடைசி வரியை எத்தனை மாமியார்கள் உரக்கப் படித்துக் காட்டியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கர்ப்ப காலத்தில் ஃபோலிக் அமிலம் சாப்பிட வேண்டும், பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் சரி, எழுதுங்கள். டவுன் சிண்ட்ரோமுக்கும் தாயின் கவனத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள். அந்த வரி தவறு என்று அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வருகிற மார்ச் 21 உலக டவுன் சிண்ட்ரோம் நாள். 21-ஆம் குரோமோசோம் மூன்று என்பதால் மூன்றாம் மாதம் 21-ஆம் தேதி. 2012 முதல் ஐ.நா. கடைப்பிடிக்கிறது. அன்றைக்கு வழக்கமாக ஒரு பரிதாபப் படமும் நாலு வரியும் போடுவீர்கள். இந்த முறை வளையத்தைப் பற்றியும் காவலர்களைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். கூடவே, பாரிஸில் 1958-இல் அந்தச் செல்களை வளர்த்து 47 என்று காண வழி செய்த மார்த் கோத்தியே என்ற பெண் மருத்துவரைப் பற்றியும் எழுதுங்கள். பெயரெல்லாம் உடன் ஆய்வு செய்த ழெரோம் லெஜூனுக்கே போய்ச் சேர்ந்தது.

பாடநூல் எழுதுகிறவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மேல்நிலை வகுப்பில் செல் பிரிதல் பாடத்தில் ஒரு பக்கம் கூட்டுங்கள். கொஹிசின், செப்பரேஸ், மேட், ஷுகோஷின். நாலே பெயர். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகளில் யாரோ ஒருத்திக்கு நாளைக்கு இது தேவைப்படும்.

சேலம் மாவட்டத்தில் எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் நுண்ணோக்கியோடு வந்து காட்டத் தயாராக இருக்கிறேன். பேருந்துச் செலவு என்னுடையது. ஈஸ்ட் கரைத்துக் கொடுக்கத் தங்கை மகன் வருவான். அவன் அப்பாவிடம் இப்போதே ஒரு நாள் லீவு கேட்டு வைத்துவிட்டான்.

என் தங்கையின் பொருட்டு என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியை,
அஸ்தம்பட்டி, சேலம்.